மண் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்: உருவாக்கம், வகைகள், அரிப்பு, பாதுகாப்பு

புவியியல் படிப்பவர்கள் மண் பாடத்துக்கு வரும்போது கேட்பவை பெரும்பாலும் இவைதான். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறோம். முன்பே சொன்னதை மறுபடி சொல்லாமல், எந்த எண்ணில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. பாறையைத் தூளாக்கினால் மண்தானே? இதில் தனியாக என்ன இருக்கிறது?

தூள் தூளாகவேதான் இருக்கும். குவாரித் தூளைத் தொட்டியில் நிரப்பித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒன்று அப்படியே வடிந்துவிடும், இல்லாவிட்டால் கெட்டித்துப்போகும். அந்தத் தூளோடு இலைதழை மக்கிக் கலக்க வேண்டும். வேரும் புழுவும் நுண்ணுயிரும் குடியேற வேண்டும். மேலிருந்து கீழாக அடுக்குகள் பிரியத் தொடங்க வேண்டும். அப்போதுதான் மண்ணியலில் அதற்கு மண் என்று பெயர்.

நல்ல மேல்மண்ணின் கன அளவில் ஏறத்தாழ 45% கனிமத் துகள், 5% மக்கு, 25% நீர், 25% காற்று. ஆக, காலடியில் இருப்பதில் பாதி வெற்றிடம். நீர் உள்ளே இறங்குமா, மேலேயே வழிந்து ஓடுமா என்பதை இந்தப் பாதிதான் முடிவு செய்கிறது. அரிப்பு பற்றிப் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இது.

2. பாறை சிதைந்து மண்ணாகிறது என்று ஒரே வரியில் எழுதினால் போதாதா? ஐந்து காரணிகள் எதற்கு?

ஒரே கிரானைட் பாறை வறண்ட இடத்தில் மெல்லிய சரளைப் பரப்பாக நிற்கிறது. வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில் அதுவே பல மீட்டர் ஆழச் செம்மண்ணாகிறது. பாறை மட்டுமே காரணம் என்றால் இரண்டும் ஒன்றாக இருந்திருக்கும். ரஷ்ய அறிஞர் டொகுசாயெவ் 1883-இல் செர்னோசெம் எனும் கறுப்பு மண்ணைப் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் நிறுவினார். ஹான்ஸ் ஜென்னி 1941-இல் இதை ஒரு சமன்பாட்டு வடிவில் வைத்தார். காலநிலை, உயிரினங்கள், நிலத்தின் மேடுபள்ளம், தாய்ப்பாறை, காலம் ஆகியவையே அந்த ஐந்து.

வெறும் பட்டியல் எழுதுவதைவிட ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. தாய்ப்பாறை கனிமத்தைத் தருகிறது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் எளிதில் கரையாது, மணலாக மிஞ்சும். ஃபெல்ட்ஸ்பார் நீரோடு வினைபுரிந்து களியாக மாறும். வெப்பமும் மழையும் அந்த வினையின் வேகத்தைக் கூட்டும். சரிவு அதிகமானால் உருவான மண் தங்காது, அதனால் மலைச்சரிவில் ஆழம் குறைவு, அடிவாரத்தில் அதிகம். காலம் மற்ற நான்கும் வேலை செய்யக் கிடைக்கும் அவகாசம்.

3. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக எத்தனை வருஷம்? புத்தகத்துக்குப் புத்தகம் வேறு எண் இருக்கிறதே?

எல்லா எண்ணும் ஏதோ ஓர் இடத்துக்குச் சரிதான். மழை மிகுந்த வெப்பமண்டலத்தில் எரிமலைச் சாம்பல் விரைவாக மண்ணாகும். வறண்ட சரிவில் இருக்கும் குவார்ட்சைட் பல்லாயிரம் ஆண்டுகளிலும் அதிகம் அசையாது. பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 100 முதல் 1,000 ஆண்டுகள். விடையில் வரம்பையும் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒற்றை எண் எழுதினால் அது எந்த இடத்துக்கு என்ற கேள்வி வரும்.

4. ஓ, ஏ, ஈ, பி, சி, ஆர் என்ற அடுக்குகள் எல்லா மண்ணிலும் இருக்குமா?

இருக்காது. ஓ என்பது மக்காததும் பாதி மக்கியதுமான இலைதழை. ஏ மேல்மண். ஈ அடுக்கில் களியும் இரும்பும் கழுவப்பட்டு வெளிறிப்போயிருக்கும். அப்படிக் கழுவப்பட்டவை வந்து படிவது பி. சி அரைகுறையாகச் சிதைந்த தாய்ப்பொருள், ஆர் பாறை. உழுத நிலத்தில் ஓ இருக்காது. ஊசியிலைக் காட்டுப் பாட்சால் மண்ணில் ஈ சாம்பல் நிறத்தில் பளிச்சென்று தெரியும், பல மண்களில் அது அறவே இல்லை. அண்மையில் ஆறு கொண்டுவந்து போட்ட படிவில் பி உருவாகவே நேரம் கிடைத்திருக்காது.

சாலைக்காக வெட்டிய மேட்டில் அடுக்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் வெட்டுமுகத்தை அப்படியே நம்பிவிடுகிறார்கள். மேலிருந்து வழிந்த சேறு அதன்மேல் பூசியிருக்கும். கத்தியாலோ கரண்டியாலோ 10 செ.மீ. உள்வாங்கிச் சுரண்டி, லேசாகத் தண்ணீர் தெளித்தால்தான் உண்மையான நிறமாற்றம் தெரியும். மேட்டின் அடியில் நிற்பதற்கு முன் மேல்விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. மண் நயம், மண் கட்டமைப்பு: இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது.

நயம் என்பது துகளின் பருமன். பரவலாகப் பயன்படும் அமெரிக்க வேளாண் துறை அளவுப்படி மணல் 2 முதல் 0.05 மி.மீ., வண்டல் 0.05 முதல் 0.002 மி.மீ., களி 0.002 மி.மீ.-க்கும் கீழே. அந்தத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொலபொலவென்ற குருணையாகவோ, கட்டியாகவோ, தகடாகவோ நிற்கும் விதம்தான் கட்டமைப்பு.

நயத்தை உழவாலோ உரத்தாலோ மாற்ற முடியாது. கட்டமைப்பை ஒரே நாளில் கெடுத்துவிடலாம். ஈரக் களிநிலத்தில் கனமான டிராக்டரை ஓட்டினால் போதும், 1-இல் சொன்ன வெற்றிடம் நசுங்கிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவர மக்கும் வேரும் பல பருவங்கள் உழைக்க வேண்டும்.

6. வண்டல் என்பது துகளா, மண் வகையா?

இந்தக் குழப்பத்துக்கு மாணவர்கள் பொறுப்பல்ல. தமிழில் ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குகிறது. நயம் பற்றிப் பேசும்போது வண்டல் என்றால் மணலுக்கும் களிக்கும் இடைப்பட்ட பருமனுள்ள துகள். மண் வகை பற்றிப் பேசும்போது வண்டல் மண் என்றால் ஆறு கொண்டுவந்து படியவைத்த மண். அதில் மணல், வண்டல் துகள், களி மூன்றும் இருக்கலாம். ஆற்றின் மேற்பகுதியில் பருமணல் கலந்த வண்டல் மண்ணும், கழிமுகத்தில் களிமிக்க வண்டல் மண்ணும் இருப்பதில் முரண் எதுவும் இல்லை. விடைத்தாளில் 'வண்டல் துகள்', 'வண்டல் மண்' என்று பிரித்து எழுதுங்கள், பாதிக் குழப்பம் தீரும்.

7. ஆய்வகம் இல்லாமல் மண் நயத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. நேரான சுவருள்ள ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டில் எடுங்கள். கல், வேர், தழை நீக்கி நுணுக்கிய மண்ணை மூன்றில் ஒரு பங்கு போட்டு, ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத்தூள் சேர்த்து, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, ஐந்து நிமிடமாவது நன்றாகக் குலுக்குங்கள். பிறகு ஆடாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் படிந்த உயரத்தைக் குறித்தால் அது மணல். இரண்டு மணி நேரம் கழித்துக் கூடியிருக்கும் உயரம் வண்டல். ஒன்றிரண்டு நாளில் நீர் தெளிந்த பிறகு கூடியது களி. மணல் 4 செ.மீ., வண்டல் 4 செ.மீ., களி 2 செ.மீ. என்றால் 40, 40, 20 சதவீதம். மூன்று சதவீதங்களையும் வைத்து மண்ணின் பெயரைக் காட்டும் வரைபடமான நய முக்கோணத்தில் இது மூன்றும் அளவாகக் கலந்த இருபொறை மண்ணில் விழும்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். சோப்புத்தூள் போடாவிட்டால் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே விரைந்து இறங்கி வண்டல் கணக்கில் சேர்ந்துவிடும். இன்னொன்று, களி நீரில் உப்பிப் படியும், ஆகவே அதன் சதவீதம் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். மேலே மிதப்பது மக்கு, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பாட்டில் இல்லையென்றால் கை போதும். ஒரு பிடி மண்ணைப் புட்டுமாவுப் பதத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடாவாகத் தள்ளுங்கள். 2.5 செ.மீ.-க்குள் ஒடிந்தால் களி குறைவு. 5 செ.மீ. தாண்டியும் தொங்கினால் களிமண். நாடாவே வராமல் நறநறத்தால் மணல்.

8. கறுப்பாக இருந்தால் மக்கு அதிகம், வளம் அதிகம் என்று எழுதலாமா?

செர்னோசெம் மண்ணுக்கு எழுதலாம். அங்கே புல்வெளியின் வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மக்கிச் சேர்ந்ததால் வந்த கறுப்பு அது. தக்காணத்துக் கரிசலுக்கு அப்படி எழுதினால் தவறு. கரிசலில் கரிமச்சத்து பெரும்பாலும் 1%-க்கும் கீழே. பசால்ட் எரிமலைப் பாறையிலிருந்து வந்த இரும்பு, டைட்டானியம் சார்ந்த கனிமங்களும், களியோடு இறுகப் பிணைந்த சிறிதளவு மக்கும் சேர்ந்தே அந்த நிறத்தைத் தருகின்றன. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரிசலில் குறைவு.

கரிசலின் உண்மையான பலம் அதன் களியில் இருக்கிறது. ஸ்மெக்டைட் வகைக் களி தகடுகளுக்கு நடுவே நீரை ஏற்றி உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விழுவது இதனால்தான். மேல்மண் அந்த வெடிப்புக்குள் கொட்டி, அடுத்த மழையில் உப்பும்போது கீழ்மண் மேலே தள்ளப்படுகிறது. தன்னைத்தானே உழும் மண் என்ற பெயர் அப்படி வந்தது.

மற்ற நிறங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. சிவப்பு ஹெமடைட் எனும் இரும்புக் கனிமத்தால் வருகிறது, மஞ்சள் நீரேறிய இரும்புக் கனிமத்தால். துகளைச் சுற்றிய மெல்லிய பூச்சே மண் முழுவதையும் சிவப்பாகக் காட்டிவிடும். சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் கண்டால் அந்த இடத்தில் ஆண்டின் ஒரு பகுதியில் நீர் தேங்குகிறது என்று அறியலாம். நிறம் சொல்லும் சேதிகளில் நம்பத்தக்கது இந்தக் கடைசிதான்.

9. செம்மண்ணும் லேட்டரைட் எனும் சரளை மண்ணும் இரண்டுமே சிவப்பு. எப்படிப் பிரிப்பது?

எவ்வளவு கழுவப்பட்டிருக்கிறது என்பதை வைத்து. மிதமான மழையில் கிரானைட், நைஸ் போன்ற பாறைகள் சிதைந்து செம்மண் ஆகிறது. கனமழையும் வறட்சியும் மாறி மாறி வரும் வெப்பப் பகுதியில் மழைநீர் சுண்ணாம்பு, சாம்பல்சத்து மட்டுமல்லாமல் சிலிக்காவையும் கரைத்துக் கீழே இழுத்துச் செல்கிறது. இதைத்தான் லீச்சிங் என்கிறோம். இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மட்டும் மிஞ்சினால் அது லேட்டரைட். அலுமினியம் மிகுதியாக மிஞ்சிய இடங்களே பாக்சைட் தாதுப் படிவுகள்.

பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் வெளியிட்ட பயண நூலில், மலபாரின் அங்காடிப்புறத்தில் கண்ட பொருளுக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். லத்தீனில் 'லேட்டர்' என்றால் செங்கல். நிலத்தில் இருக்கும்போது கத்தியால் வெட்டலாம், காற்றுப்பட்டுக் காய்ந்தால் கல்லாகிவிடும்.

10. மழைக்காடு அவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது, மண் எப்படி வளமற்றதாக இருக்க முடியும்?

சத்து மண்ணில் இல்லை, மரத்தில் இருக்கிறது. விழுந்த இலை சில மாதங்களில் மக்கி, மேலோட்டமான வேர்களும் பூஞ்சைகளும் அதை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. காட்டை வெட்டி எரித்தால் சாம்பலால் ஓரிரு பருவம் விளையும். அதன்பின் 9-இல் சொன்ன கழுவல் மிச்சத்தையும் கொண்டுபோய்விடும்.

11. ஒரு புத்தகத்தில் 8 வகை, ஒன்றில் 12, இன்னொன்றில் 32. எதை எழுதுவது?

கேள்வி எந்த முறையைக் கேட்கிறதோ அதை. இந்தியப் பாடநூல்களில் வரும் 8 பெரும் பிரிவுகள் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் வகைப்பாடு. 12 என்பது அமெரிக்க மண் வகைப்பாட்டின் வரிசைகள். 32 என்பது உலகப் பொது வகைப்பாட்டுக் குழுக்கள். அமெரிக்க முறையில் கரிசலை வெர்டிசால் என்றும், புதிய வண்டல் மண்ணை என்டிசால் அல்லது இன்செப்டிசால் என்றும் சொல்லலாம். செம்மண்ணுக்கு ஒரே ஈடு தேடாதீர்கள், அது பல வரிசைகளில் சிதறிக் கிடக்கிறது.

12. உவர், களர் இரண்டும் உப்பு மண்தானே? நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் சரியாகாதா?

உவர் சரியாகும், களர் மோசமாகும். உவர் நிலத்தில் கரையும் உப்புகள் அதிகம். மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸுக்கு மேல், கார அமில நிலை 8.5-க்குள். காய்ந்தால் வெள்ளை பூக்கும். வடிகால் வசதி செய்து நல்ல நீரால் கழுவினால் உப்பு இறங்கிவிடும். வடிகால் இல்லாமல் கழுவினால் நிலத்தடி நீர் மேலேறி உப்பை மறுபடி கொண்டுவந்துவிடும்.

களர் நிலத்தில் களித்துகளைச் சோடியம் பற்றியிருக்கிறது. மாற்றீடாகும் சோடியம் 15 சதவீதத்துக்கு மேல், கார அமில நிலை 8.5-க்கு மேல். சோடியம் பற்றிய களி நீரில் பிரிந்து துளைகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டும் ஊற்றினால் நடப்பது இந்த அடைப்புதான். முதலில் ஜிப்சம் இட்டுக் கால்சியத்தால் சோடியத்தைப் பெயர்த்து, அதன்பின் நீர் கட்டி வடிக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது.

13. நிலத்தில் ஓடை எதுவும் விழவில்லை. அரிப்பு இல்லை என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. அரிப்பு ஓடையில் தொடங்குவதில்லை, துளியில் தொடங்குகிறது. 5 மி.மீ. மழைத்துளி நொடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. வெறும் மண்ணில் அது குருணையை உடைத்துச் சிதறடிக்கும். இது தெறிப்பு அரிப்பு. உடைந்த நுண்துகள் துளைகளை அடைத்து மேலே ஓடு கட்டும். நீர் இறங்க வழியின்றிப் படலமாக வழியும், துகள்களையும் கூட்டிச் செல்லும். இது படல அரிப்பு. பிறகுதான் சிற்றோடை. வழக்கமான உழவில் அழிந்துவிடுமானால் சிற்றோடை, உழுது அழிக்க முடியாத அளவு வளர்ந்துவிட்டால் பள்ள அரிப்பு. சம்பல் ஆற்றுப் பள்ளத்தாக்கு இந்தக் கடைசி நிலையின் பெரிய எடுத்துக்காட்டு.

படல அரிப்பு கண்ணுக்குத் தெரியாததற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மண் போனால் 10 கனமீட்டர். கனமீட்டருக்கு 1.3 டன் என்று வைத்தால் 13 டன். லாரிக் கணக்கில் மண் போயிருக்கும், நிலமட்டம் ஒரு மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கும். 3-இல் உள்ள வரம்போடு இதை ஒப்பிட்டால், அந்த ஒரு மில்லிமீட்டர் திரும்ப வர 10 முதல் 100 ஆண்டுகள். நேரில் பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு: சிறு கற்கள் மண்தூண்மேல் நிற்பது, செடிகளின் வேர்க்கழுத்து வெளித்தெரிவது, மேட்டில் அடிமண் நிறம் தலைகாட்டுவது, வரப்போரத்தில் நுண்மண் சேர்வது.

14. காற்று தூசியைத்தானே தூக்கும்? அதனால் எவ்வளவு மண் போய்விடும்?

காற்றரிப்பில் பெரும்பங்கு தூசியாக மேலே போவதில்லை. 0.1 முதல் 0.5 மி.மீ. வரையுள்ள மணல் துகள்கள் தரைக்கு அருகில் தாவித் தாவி நகர்கின்றன. ஒவ்வொரு தாவலும் விழுந்த இடத்தில் மேலும் துகள்களைக் கிளப்பிவிடுகிறது. மிக நுண்ணிய தூசி தனியாக இருந்தால் எளிதில் கிளம்பாது, இந்த மோதலே அதைக் கிளப்புகிறது. ஆகவே தாவலை நிறுத்தினால் தூசியும் நிற்கும். அறுவடைத் தாளை நிலத்திலேயே நிற்கவிடுவது அதற்குத்தான்.

1930-களில் அமெரிக்கப் பெருஞ்சமவெளியில் புல்லை உழுதுவிட்டு வறட்சியில் வெறும் நிலமாக விட்டதன் விளைவே தூசிப் புயல்கள். 1935-இல் ஹியூ பென்னட் தலைமையில் மண் பாதுகாப்புக்கென்று தனி அரசு அமைப்பே ஏற்பட்டது.

15. மண் இழப்புச் சமன்பாட்டில் விடை வந்துவிட்டால் ஆற்றில் சேரும் வண்டல் அளவு கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாமா?

கூடாது. விஷ்மையர், ஸ்மித் இருவரும் உருவாக்கிய பொதுச் சமன்பாடு மழையின் அரிக்கும் திறன், மண்ணின் அரிபடும் தன்மை, சரிவின் நீளமும் செங்குத்தும், பயிர் மூடல், பாதுகாப்பு முறை ஆகியவற்றைப் பெருக்கிச் சராசரி ஆண்டு இழப்பைத் தருகிறது. அடிப்படைச் சோதனைப் பாத்தி 22.13 மீட்டர் நீளம், 9% சரிவு. அது கணக்கிடுவது படல, சிற்றோடை அரிப்பை மட்டும். பள்ள அரிப்பும் காற்றரிப்பும் அதில் இல்லை. அரிபட்ட மண்ணில் பெரும்பகுதி அடிவாரத்திலும் வரப்போரத்திலும் தங்கிவிடுவதால் ஆற்றில் சேருவது வேறு எண்.

எல்லாம் பெருக்கல் என்பதால் ஒன்றைக் குறைத்தாலே இழப்பு இறங்கும். மழையை மாற்ற முடியாது, மண் நயத்தை மாற்ற முடியாது (5). மலிவாக மாற்றக்கூடியது மூடல்தான்.

16. சம உயர வரப்பு போட்ட பிறகும் நடுவில் உடைத்துக்கொண்டு ஓடை விழுகிறதே, ஏன்?

பெரும்பாலும் வரப்பு சம உயரத்தில் இருந்திருக்காது. கண்மட்டத்தில் போட்டதில் ஓர் இடம் நாலு விரல் தாழ்ந்திருந்தால், வரப்பு முழுவதும் தேங்கிய நீர் அங்கே வந்து வழியும். வரப்பே இல்லாமல் இருந்தால் பரவி ஓடியிருக்கும் நீரை ஒரே வாயில் சேர்த்துக் கொடுத்ததுதான் மிச்சம்.

மட்டம் குறிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 2 மீட்டர் நீளக் கழிகள் இரண்டை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக் கழி வைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். இரண்டு முளைகள்மேல் இந்தச் சட்டத்தின் கால்களை ஊன்றி, நூல் குறுக்குக் கழியைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம்மாற்றி மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுப்புள்ளிதான் மட்டம். பிறகு ஒரு காலை நிலையாக வைத்து, நூல் நடுப்புள்ளியில் நிற்கும்வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி முளையடித்தபடியே போகலாம். காற்று பலமாக வீசும்போது நூல் ஆடிப் பிழை வரும், காலையில் செய்வது நல்லது.

மட்டம் சரியாக இருந்தும் உடைந்தால் மூன்றைப் பாருங்கள். மிகைநீர் வெளியேறக் கல் பதித்த கலிங்கு விடப்பட்டதா? மண்ணை அடுக்கடுக்காகக் கெட்டித்துப் போட்டார்களா, கொட்டிவிட்டுப் போனார்களா? நிலம் ஆழ்ந்த கரிசலா? கரிசல் வரப்பு கோடையில் வெடிக்கும் (8), முதல் மழைநீர் அந்த வெடிப்பில் புகுந்து குடைந்துவிடும். அங்கும், ஆண்டு மழை சுமார் 600 மி.மீ.-ஐத் தாண்டும் இடங்களிலும், நீரைத் தேக்காமல் மெல்ல நடத்திச் செல்லும் சாய்வு வரப்பே பொருந்தும். அதற்கு 100 மீட்டருக்கு 20 முதல் 40 செ.மீ. சாய்வு போதும், முடிவில் புல் வளர்த்த வடிகாலும் வேண்டும்.

17. காற்றுத் தடுப்பு மரங்களைச் சுவர் மாதிரி நெருக்கமாக நட்டால் இன்னும் நல்லதுதானே?

சுவர் காற்றைத் தடுக்காது, மேலே ஏற்றிவிடும். ஏறிய காற்று மறுபக்கம் சுழன்று இறங்கி மண்ணைக் கிளப்பும். 40 முதல் 60 சதவீதம் ஊடுருவ இடமிருந்தால் காற்று வேகம் குறைந்து வடிகட்டியதுபோல் வெளிவரும். அப்போது மர உயரத்தின் 10 முதல் 20 மடங்கு தூரம்வரை பலன் இருக்கும். 5 மீட்டர் மரம் என்றால் 50 முதல் 100 மீட்டர். வரிசையில் இடைவெளி விழுந்துவிட்டால் காற்று அந்தச் சந்தில் வேகம்கூடிப் பாயும்.

18. 'மரம் நட்டால் அரிப்பு நிற்கும்' என்று முடித்துவிடலாமா?

எந்த மரம், அதன் அடியில் என்ன இருக்கிறது என்று எழுதாமல் முடிக்காதீர்கள். தேக்கு போன்ற அகன்ற இலையில் மழை சேர்ந்து பெரிய சொட்டாக விழுகிறது. 8 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சொட்டு ஏறக்குறைய முழு வேகத்தை எட்டிவிடும். சருகைக் கூட்டியோ எரித்தோ அடியை வெறுமையாக வைத்திருந்தால், 13-இல் சொன்ன தெறிப்பு திறந்தவெளியைவிட அங்கே கூடுதலாகவும் நடக்கலாம். தடுப்பது சருகும் புல்லும் தாழ்ந்த செடியும்தான்.

19. அரிபட்ட நிலத்துக்கு உரம் கூட்டிப் போட்டால் ஈடாகாதா?

விளைச்சல் கொஞ்சம் ஏறும், ஈடாகாது. ஓடும் நீர் எல்லாத் துகளையும் சமமாகக் கொண்டுபோவதில்லை. இலேசான மக்கும் நுண்ணிய களியும் முதலில் போகின்றன, பருமணல் தங்குகிறது. ஆகவே 13-இல் கணக்கிட்டபடி போன 13 டன், நிலத்தில் மிஞ்சிய அதே 13 டன்னைவிடச் சத்து மிகுந்தது. சத்தைப் பிடித்துவைப்பதும் நீரைத் தேக்குவதும் அந்தக் களியும் மக்கும் செய்துவந்த வேலை. அவை இல்லாத மண்ணில் போட்ட தழைச்சத்து அடுத்த மழையில் கீழிறங்கிக் கிணற்றுநீரில் சேரும். முதலில் மூடாக்கும் மக்கும் கொடுத்து மேல்மண்ணைத் தேற்றி, உரத்தைப் பலமுறையாகப் பிரித்து இடுவதுதான் அங்கே நடைமுறை.